எழுதத் தொடங்கியவர்கள் கேட்டவை

நாகர்கோவிலில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்துக்கு வந்த கேள்விகள் இவை. சிறுபத்திரிகைக்குக் கதை தேர்ந்தெடுத்தும் மெய்ப்புப் பார்த்தும் வயதானவன் என்பதால், பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெயர் போடவேண்டாம் என்று பலர் சொன்னதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். கதையையும் சேர்த்து அனுப்பியவர்களுக்குப் பதில் கொஞ்சம் நீளும்.

குலசேகரம்: அண்ணாச்சி, எனக்கு ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தோட்டத்துக்குப் போனால் பால் எடுத்து, ஷீட் அடித்து, வீடு வர மதியமாகிவிடும். சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம். ராத்திரி சீக்கிரம் தூங்கியாக வேண்டும். எப்போது எழுதுவது?

கடைசி மரத்தையும் வெட்டி முடித்தவுடன் பால் எடுக்க ஓடமாட்டீர்கள். சிரட்டையில் வடியட்டும் என்று சாயா குடித்துக்கொண்டு உட்காருவீர்கள் அல்லவா, அதில் பாதி நேரம் போதும். ஃபோனில் பேசிப் பதிந்தாலும் சரி, ஒரு நாளைக்கு ஐந்து வரி. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நமது. மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அந்த நாட்களில் எழுதலாமே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் காசில்லாதபோது எழுத்தும் ஓடாது.

நேரத்தைவிட எனக்கு உறுத்தியது நீங்கள் அனுப்பிய கதை. சென்னையில் ஒரு காபி ஷாப்பில் இரண்டு ஐடி ஊழியர்கள் பிரிகிறார்கள். அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகூட என் கண்ணில் தெரியவில்லை. ஆனால் கூடவே வைத்த கடிதத்தில் நாலு வரி எழுதியிருந்தீர்கள்: ஹெட்லைட் வெளிச்சத்தில் கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கைதான் சொல்லும், ஒரு நூல் கூடினால் மரத்துக்குக் காயம், ஒரு நூல் குறைந்தால் பால் வராது. அந்த நாலு வரியை நான் இங்கே மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் நாயகன் பால் வெட்டட்டும். காதலிக்கவும் செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் யாருக்குச் சேரும் என்று முதலாளியோடு அவனுக்கு ஒரு தகராறும் இருந்தால் இன்னும் நல்லது.

தக்கலை: வங்கியில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு கதைகள் தொடங்கியிருக்கிறேன் சார். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. சோம்பேறித்தனமா?

பன்னிரண்டு முறை உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? நீங்கள் அனுப்பிய மூன்று தொடக்கங்களையும் பார்த்தேன். மூன்றிலும் ஒரு வீடு, ஒரு மழை, பல வருடம் கழித்துத் திரும்பி வரும் ஒரு ஆள். முதல் இரண்டு பக்கம் நன்றாகவே இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் அவர் திண்ணையில் உட்கார்ந்து பழையதை நினைக்க ஆரம்பிக்கிறார். அதோடு கதை படுத்துவிடுகிறது. காரணம், அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று எழுதுகிற உங்களுக்கே தெரியாது.

இப்படி வைத்துப் பாருங்கள். அவருக்கு அந்த வீட்டின் பத்திரம் வேண்டும். அது சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சித்தப்பா பேச்சு நிறுத்திப் பல காலமாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் பத்திரப்பதிவு முடியாவிட்டால் வாங்குகிறவர் விலகிவிடுவார். இப்போது அவர் திண்ணையை விட்டு எழுந்தே ஆகவேண்டும். பழைய நினைவெல்லாம் சித்தப்பா வீட்டு நடையில் நிற்கும்போது தானே வரும், நீங்கள் கூப்பிட வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உங்களிடம் இருக்கிறது. நேற்று எழுதியதைத் திருத்திவிட்டுத்தான் இன்று தொடர்வேன் என்கிறீர்கள். அப்படிச் செய்தால் முதல் பத்தி நாற்பது முறை திருந்தும், எட்டாவது பத்தி பிறக்கவே பிறக்காது. கடைசி வரியைப் போடும்வரை மேலே போகாதீர்கள். பேர் தப்பாக இருந்தாலும், நடுவில் ஓட்டை இருந்தாலும் கிடக்கட்டும்.

அப்புறம், பன்னிரண்டில் எதை முதலில் முடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கே கொஞ்சம் மட்டமாகத் தோன்றும் ஒன்றை எடுங்கள். ரொம்பப் பிடித்த கதை என்றால் கெடுத்துவிடுவோமோ என்று கை நடுங்கும். மட்டமான கதையில் அந்தப் பயம் இல்லை. முடித்தே தீருவீர்கள்.

மார்த்தாண்டம்: கல்லூரி மாணவி. எல்கேஜி முதல் ஆங்கில வழி. எனக்குத் தமிழில் வல்லினம் எங்கே மிகும் என்றே தெரியாது. எழுதினால் சிரிப்பார்களா, ஐயா?

சிலர் சிரிப்பார்கள், மக்களே. அவர்கள் கதையை வாசிக்கிறவர்கள் கிடையாது. எழுத்தாளர் சுந்தர ராமசாமி பள்ளியில் தமிழ் படித்தவர் அல்லர். மலையாளமும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் படித்துவிட்டு, பதினெட்டு வயதையொட்டித்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் படித்ததும் மலையாளத்தில்தான். 1997இல் தமிழ் நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். ஒற்றுப்பிழையைத் திருத்த ஆள் கிடைக்கும், நான் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். ஒரு பாட்டி பேரனிடம் பொய் சொல்லும்போது எப்படிப் பேசுவாள் என்று காதில் வாங்காமல் எழுதினால், அதைத் திருத்தத்தான் என்னால் முடியாது.

ஆனாலும் வாசிப்பு வேண்டும். நல்ல உரைநடையை வாய்விட்டு வாசித்துப் பழகினால் பாதி ஒற்றுகள் தாமாகவே சரியான இடத்தில் வந்து விழும்.

திங்கள்நகர்: உரையாடலை நம்மூர்ப் பேச்சில் எழுதினேன். மதுரைக்கார நண்பர் ஒன்றும் புரியவில்லை என்கிறார். பொதுத்தமிழுக்கு மாற்றினால் உயிர் போகிறது. கீழே அருஞ்சொல் விளக்கம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அடிக்குறிப்பு பார்க்கக் கண் கீழே இறங்கும்போதெல்லாம் வாசகர் கதையை விட்டு வெளியே போய்விட்டு வருகிறார்.

உங்கள் கதையில் நடந்திருப்பது இது: ஒவ்வொரு சொல்லையும் உச்சரிக்கிறபடியே எழுத்துக்கூட்டியிருக்கிறீர்கள். மூக்கொலி, இழுப்பு, விழுங்கல் எல்லாம் உண்டு. நம்மூர் ஆளான எனக்கே சில வரிகளை இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. சொற்களையும், ஒருவரை ஒருவர் கூப்பிடும் விதத்தையும், வாக்கியம் திரும்புகிற இடத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பை வாசகரிடம் விட்டுவிடுங்கள். மரச்சீனியும் சக்கையும் அப்படியே இருக்கட்டும். அடுப்பில் வேகிறது, தட்டில் விழுகிறது என்றால் மதுரைக்காரருக்கும் விளங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்கள் கதையில் தோவாளைப் பூ வியாபாரியும், விளவங்கோட்டு ஆசாரியும், முட்டத்து மீன்காரப் பெண்ணும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள். “குமரித் தமிழ்” என்று மொத்தமாக ஒன்று கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். பஸ்ஸில் அரை மணி நேரம் போனாலே பேச்சு மாறும். வயதும் கணக்கு. 1956 நவம்பர் 1 வரை இந்தத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. அப்போது பள்ளிக்கூடம் போன தாத்தாவின் பேச்சில் மலையாளம் கலக்காமல் இருக்காது. பேத்தி அதைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்று எழுதுங்கள், தலைமுறை இடைவெளிக்குத் தனியாக வசனம் தேவைப்படாது.

கதை சொல்கிற குரல் எளிய பொதுத்தமிழிலேயே இருக்கலாம். அதையும் வட்டாரமாக்கத் துணிகிறவர்கள் உண்டு. முதல் கதையில் அந்தச் சாகசம் வேண்டாம்.

இரணியல்: வீட்டில் இருப்பவள். எழுத உட்கார்ந்தாலே “இதனால என்ன கிடைக்கும்?” என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

பணம் என்று பார்த்தால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது, தங்கச்சி. பெரும்பாலான சிறுபத்திரிகைகள் கதை வந்த இதழில் ஒரு பிரதி அனுப்பும், அவ்வளவுதான். நம் மாவட்டத்தில் பெரிய பெயர் எடுத்தவர்களும் வேறு வேலையில்தான் சோறு சாப்பிட்டார்கள். சுந்தர ராமசாமிக்கு ஜவுளிக்கடை. மீரானுக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். நாஞ்சில் நாடன் மும்பையில் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. பொன்னீலன் கல்வித்துறை அதிகாரி.

இந்தப் பட்டியலை உங்கள் வீட்டில் படித்துக் காட்டினால் எடுபடாது என்பதும் தெரியும். கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு எழுதலாம். அடுப்படியைப் பூட்ட முடியுமா? பெண்களுக்கு இந்தக் கேள்வி வேறு கேள்வி. ஹெப்சிபா ஜேசுதாசன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அவருடைய ‘புத்தம் வீடு’ 1964இல் வந்தது. பனையேறும் குடும்பங்களைப் பற்றி அதுவரை தமிழ் நாவல் அவ்வளவாக யோசித்ததே இல்லை. சம்பளமும் பட்டமும் உள்ள பெண் எழுதுவதை வீடு கொஞ்சம் மதிக்கும். உங்களுக்கு அந்தக் காவலும் இல்லை.

அதனால் பதில் சொல்லாதீர்கள். “சும்மா கணக்கு எழுதறேன்” என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். ஒரு கதை அச்சில் வரட்டும். கேட்டவர்களே அதைக் கல்யாண வீட்டில் நாலு பேரிடம் காட்டுவார்கள், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கதையில் மாமியார் அரிசிப் பானையில் பணம் ஒளித்து வைக்கிற இடம் அருமை. மருமகளுக்கு அது தெரியும், மாமியாருக்கும் மருமகளுக்குத் தெரியும் என்பது தெரியும். அதை அப்படியே விடுங்கள். கடைசிப் பத்தியில் இருவரும் கட்டிப்பிடித்து அழுவதை வெட்டிவிடலாம்.

வள்ளவிளை: ஒக்கிப் புயலின்போது கடலுக்குப் போன என் மாமா திரும்பவில்லை. அதைக் கதையாக எழுத நினைக்கிறேன். அத்தை இருக்கிறார். எழுதலாமா?

எழுதலாம். ஆனால் முதலில் அத்தையிடம் போங்கள். அனுமதிச் சீட்டு வாங்குவதற்காகப் போகவேண்டாம். அவரிடம் எது பொதுவில் சொல்லக்கூடியது, எது அவருக்கு மட்டுமானது என்று தெரிந்துகொள்ளத்தான். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, மாமாவைச் சித்தப்பா ஆக்கினாலும் கடற்கரையில் யாரும் ஏமாறமாட்டார்கள். அத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்கவேண்டியவர் அவர்தான்.

2017 நவம்பர் 30இன் காற்றை எழுதப் பலரும் முயன்றார்கள். எனக்கு வந்த கதைகளில் அலை உயர்ந்தது, வானம் இருண்டது, அம்மாமார் கரையில் கதறினார்கள். செய்தியில் பார்த்ததையே திரும்ப எழுதியிருந்தார்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரி வருகிறது: உடல் கிடைக்காததால் நினைவுத் திருப்பலிக்கு எந்தத் தேதி கொடுப்பது என்று வீட்டில் சண்டை. அத்தை ஒரு தேதி சொல்கிறார், மாமாவின் தம்பி வேறு தேதி சொல்கிறார், தேதி கொடுத்தால் இறந்துவிட்டான் என்று நாமே சொன்னதாகிவிடும் என்று பாட்டி கொடுக்கவே விடவில்லை. அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் எழுதுங்கள். புயலைக் காட்டவே வேண்டாம்.

அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? எழுதி, பெட்டியில் வையுங்கள். வெளியிடுவதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.

கருங்கல், இப்போது குவைத்: நர்ஸ். ஊரில் இருந்தபோது ஒரு வரி எழுதியதில்லை. இங்கே வந்தபிறகுதான் எழுதத் தோன்றுகிறது. இது வெறும் ஊர் ஏக்கம்தானா?

ஏக்கமாகவே இருக்கட்டும், அதில் என்ன குறை? நாஞ்சில்நாட்டு வயலையும் வீட்டையும் நாஞ்சில் நாடன் எழுதத் தொடங்கியது மும்பையில் இருந்துகொண்டுதான். ஏக்கத்தில் ஒரு ஆபத்து உண்டு: ஊரில் எல்லோரும் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள், எல்லாக் குழம்பும் ருசிக்கும். நீங்கள் ஊரைவிட்டுப் போகக் காரணமான கடனையும் சேர்த்து எழுதுங்கள். குவைத் வார்டையும் எழுதுங்கள், அது எங்களுக்குத் தெரியாத ஊர்.

சுசீந்திரம்: நண்பர்களுக்கு அனுப்பினால் “அருமை”, “சூப்பர்” என்கிறார்கள். குறையே சொல்வதில்லை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். எந்த இடத்தில் ஃபோனைக் கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். கதையை மறுபடி எனக்கே சொல்லிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். எதை விட்டுவிட்டுச் சொல்கிறார்களோ அது அவர்கள் மனதில் பதியவில்லை. பிறகு நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். “இல்லை, அங்கே நான் சொல்ல வந்தது என்னன்னா” என்று ஆரம்பித்தால் அடுத்த முறையும் அருமைதான்.

ஆரல்வாய்மொழி: ஒரு பதிப்பகம் என் தொகுப்பைப் போட முந்நூறு பிரதிக்கு என்னிடமே பணம் கேட்கிறது. ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கும் காப்புரிமைப் பதிவுக்கும் தனிக்கட்டணமாம். கொடுக்கலாமா?

இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண் இலவசம். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதைக் கொடுக்கிறது, எழுத்தாளரே நேராக விண்ணப்பிக்கலாம். காப்புரிமை, எழுதிய அன்றே உங்களுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 வருடத்துக்கும் அது நிற்கும். இந்த இரண்டுக்கும் காசு கேட்கிறவரிடம் மற்ற கணக்கையும் சந்தேகப்படுங்கள். இப்போது ஐம்பது பிரதிகூட அச்சடித்துத் தருகிறார்கள். முந்நூறு எதற்கு? கட்டிலுக்கடியில் வைக்கவா? ஒப்பந்தத்தில் உரிமை யாருக்கு என்று எழுதியிருக்கிறது என்பதை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோட்டாறு: போட்டிக்கு அனுப்பினேன். ஆறு மாதமாகப் பதில் இல்லை.

தேர்வாகவில்லை. வேறு இடத்துக்கு அனுப்புங்கள். யூனிகோடில் அனுப்புங்கள், பிடிஎஃப் வேண்டாம், கதையின் கருத்தை விளக்கிக் கடிதம் வேண்டாம்.

பூதப்பாண்டி: புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா? ஊரையும் சேர்த்து வைத்தால் நன்றாக இருக்குமா?

தாராளமாக. ஆனால் மூன்று வருடமாகப் பெயர் மட்டும் தேடிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கதையை அனுப்புங்கள், அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் ஃபோன் செய்து கேட்கிறேன், அப்போது சொன்னால் போதும்.