பிறர் எழுதியதற்கு நான் பொறுப்பா?

இணைய விவாதக் குழுக்களை நடத்துபவர்களிடமிருந்து வந்த சில கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஓர் உறுப்பினர் இன்னொருவரைத் திருடன் என்று எழுதிவிட்டார். நான் அதைப் பார்க்கவே இல்லை. என்மேல் வழக்கு வருமா?

வழக்குப் போடுவதை யாராலும் தடுக்க முடியாது. அது நிற்குமா என்பதுதான் கேள்வி. உங்களுக்கு எப்போது தெரியவந்தது, தெரிந்த பின் என்ன செய்தீர்கள் என்பதையே பல நாட்டுச் சட்டங்கள் பார்க்கின்றன.

இணையத்துக்கு முந்தைய ஒரு வழக்கு இதை அழகாக விளக்கும். இங்கிலாந்தில் ஒரு கோல்ஃப் கிளப்பின் சுவரில், தட்டச்சு செய்த கேலிப் பாட்டு ஒன்றை யாரோ ஒட்டிவிட்டுப் போனார்கள். கிளப்பில் இருந்த சூதாட்ட இயந்திரங்களைப் பற்றிப் போலீசுக்குத் துப்புக் கொடுத்தவரைச் சாடும் பாட்டு அது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் சுவர் கிளப்புடையது. தாளைக் கிழித்தெறிய ஒரு நிமிடம் போதும். பார்த்தும் விட்டுவைத்தால் அதை வெளியிட்டதாகவே கொள்ளலாம் என்று 1937-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. குற்றத்தைப் போலீசிடம் சொன்னார் என்பது அவதூறாகாது என்பதால் வழக்குத் தொடுத்தவர் தோற்றார் என்பது வேறு விஷயம்.

நாட்டுக்கு நாடு அளவு மாறும். இந்தியாவில் 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், 'தெரியவருதல்' என்பது நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ கிடைப்பதுதான் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அமெரிக்காவில், பிறர் எழுதியதற்கு இணையதளத்தைப் பெரும்பாலும் பொறுப்பாக்காத 230-ஆவது சட்டப் பிரிவின் பாதுகாப்பு இன்னும் அகலமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில், சட்டவிரோதமானது என்று தெரிந்தவுடன் தாமதமின்றி நீக்க வேண்டும். எங்கே இருந்தாலும், புகார் அனுப்ப ஒரு முகவரியைக் கண்ணில் படும்படி வையுங்கள். புகார் வந்த நேரத்தையும் நீங்கள் செய்ததையும் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பேட்டைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: பதிவுகளைத் தணிக்கை செய்தால் பொறுப்பு கூடும் என்கிறார்களே?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1991-இல் நியூயார்க்கில், எதையும் படித்துப் பார்க்காத கம்ப்யூசர்வ் என்ற கணினித் தகவல் சேவை நிறுவனத்தை நீதிமன்றம் நூலகத்தைப் போலக் கருதி விடுவித்தது. 1995-இல், விதிகள் வகுத்து, ஆபாசச் சொற்களை வடிகட்டிய புராடிஜி என்ற அதே போன்ற நிறுவனமோ பத்திரிகை ஆசிரியரைப் போல மாட்டிக்கொண்டது. குப்பையைக் கூட்டியவருக்குத் தண்டனை, கூட்டாதவருக்கு விடுதலை! இந்த அநியாயத்தைச் சரிசெய்யவே 1996-இல் 230-ஆவது பிரிவு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022-ஆம் ஆண்டு டிஜிட்டல் சேவைகள் சட்டமும், தானாக முன்வந்து சரிபார்ப்பதால் மட்டுமே பாதுகாப்பு போய்விடாது என்கிறது. தயங்காமல் களையெடுங்கள். ஆனால் உறுப்பினரின் வாக்கியத்தை நீங்களே திருத்தி எழுதாதீர்கள். திருத்திய வரி உங்கள் வரியாகிவிடக்கூடும்.

கேள்வி: "எழுதுபவரே முழுப்பொறுப்பு" என்று விதிமுறைகளில் போட்டிருக்கிறேன். போதாதா?

போதாது. விதிமுறைகள் உங்களுக்கும் உறுப்பினருக்கும் இடையிலான ஒப்பந்தம். அவதூறுக்கு ஆளானவர் அதில் கையெழுத்திடவில்லையே! எஸ்டோனியாவின் டெல்ஃபி செய்தித்தளம் இதே போன்ற வாசகத்தைப் போட்டிருந்தது. வசைக் கருத்துகள் ஆறு வாரம் அங்கேயே கிடந்தன. 320 யூரோ இழப்பீடு தரவேண்டும் என்ற தீர்ப்பு கருத்துரிமையை மீறவில்லை என்று 2015-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உறுப்பினரைக் கட்டுப்படுத்தவும் விதிமுறைகள் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனத்தின் மீதான அமெரிக்க வழக்கில், பதிவிறக்கப் பொத்தானுக்கும் கீழே, திரையை உருட்டினால் மட்டுமே தெரியும் இடத்தில் நிபந்தனைகள் இருந்தன. அவை பயனரைக் கட்டுப்படுத்தாது என்று 2002-இல் தீர்ப்பானது. சேரும்போதே "ஏற்கிறேன்" என்று சொடுக்கவையுங்கள். பெரிய நிறுவனத்தின் விதிமுறைகளை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். 24 மணி நேரத்தில் பதிலளிப்போம் என்ற அவர்களது வாக்குறுதியும் கூடவே வந்துவிடும். அதை நிறைவேற்ற உங்களிடம் ஆள் இருக்கிறதா?

கேள்வி: உறுப்பினர் விலகும்போது தன் பதிவுகளையெல்லாம் நீக்கச் சொல்கிறார்.

பதிப்புரிமை எழுதியவருடையது. உங்களிடம் இருப்பது விதிமுறைகள் தந்த அனுமதி மட்டுமே. விலகிய பின்னும் அது தொடருமா என்பதை முன்கூட்டியே எழுதிவிட்டால் சண்டை வராது. பெயர், மின்னஞ்சல் போன்ற சொந்தத் தகவல்களின் கதை வேறு; பல நாடுகளில் அவற்றை நீக்கக் கோருவது சட்ட உரிமை.

கேள்வி: ஒரு வழக்கறிஞர், புனைபெயரில் எழுதியவரின் உண்மைப் பெயரைக் கேட்கிறார்.

வழக்கறிஞரின் கடிதம் நீதிமன்ற உத்தரவு அல்ல. தகவலை அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள், கடிதம் கிடைத்ததாகப் பதில் எழுதுங்கள், சட்டம் அனுமதித்தால் உறுப்பினருக்கும் தெரிவியுங்கள். முறையான உத்தரவு வந்தால், அதில் கேட்டதை மட்டும் கொடுங்கள். அந்தப் புனைபெயருக்குப் பின்னால் வேலையையோ உயிரையோ இழக்கக்கூடிய ஒருவர் இருக்கலாம்.