ஹென்றிக்கு முதலிடமா?

கேள்வி: எங்கள் கம்பெனியின் தலைமைப் பயிற்சி வகுப்பில் ஷேக்ஸ்பியர் நாயகர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். படைக்கு உற்சாகம் ஊட்டிய ஐந்தாம் ஹென்றிக்கு முதலிடம், முடிவெடுக்கத் தயங்கிய ஹாம்லெட்டுக்குக் கடைசி இடம். இது சரியா?

பதில்: சரியில்லை. நாடகத்தில் ஒரு பேச்சை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு மார்க் போட்டிருக்கிறார்கள்.

1415-இல் பிரெஞ்சுப் படையோடு நடந்த அஜின்கோர்ட் போருக்கு முன், 'இன்று என்னோடு ரத்தம் சிந்துகிறவன் என் சகோதரன்' என்கிறார் இங்கிலாந்து ராஜாவான ஹென்றி. இன்றைக்குப் படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் முந்தின இரவுக் காட்சியையும் படியுங்கள். ராஜா மாறுவேடத்தில் பாசறையைச் சுற்றி வருகிறார். எதிரில் நிற்பது யாரென்று தெரியாமல் வில்லியம்ஸ் என்ற சாதாரணச் சிப்பாய் மனதில் உள்ளதைக் கொட்டுகிறான். இந்தப் போருக்கு நியாயமான காரணம் இல்லையென்றால், வெட்டுப்பட்ட கை, கால், தலையெல்லாம் தீர்ப்பு நாளில் ஒன்றுசேர்ந்து வந்து நிற்கும், ராஜா கணக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறான். ஒவ்வொரு வீரனின் சாவுக்கும் ராஜா பொறுப்பில்லை என்று ஹென்றி நீளமாக வாதாடுகிறார். காரணம் எப்படி நியாயம் என்பதை மட்டும் விளக்கவே இல்லை.

போர் முடிந்ததும் இறந்தவர்களின் பட்டியல் வருகிறது. ஆங்கிலேயர் பக்கம் நாலு பேருக்குத்தான் பெயர் உண்டு. மற்ற 25 பேர் பெயர் சொல்லும்படியானவர்கள் இல்லையாம். அதை வாசிப்பது காலையில் 'சகோதரன்' என்று சொன்ன அதே ஹென்றி. நடுவில், பிடிபட்ட கைதிகளைக் கொல்லச் சொன்னதும் அவர்தான். ஷேக்ஸ்பியர் எதையும் மறைக்கவில்லை.

அப்புறம் ஹாம்லெட். தன்னைக் கொன்றது தம்பிதான் என்று அப்பாவின் ஆவி சொன்னதை அப்படியே நம்பிச் சித்தப்பனைக் கொல்லாமல், அந்தக் கொலையைப் போலவே ஒரு நாடகம் போட வைத்து, அவன் முகம் மாறுவதைப் பார்த்து உறுதி செய்துகொள்கிறான். விசாரிப்பதைத் தயக்கம் என்று சொல்லக் கூடாது. அதற்குப் பிறகும் தள்ளிப்போடுகிறான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் சட்டென்று 'முடிவெடுத்த' இடம் ஒன்று உண்டு. திரைக்குப் பின்னால் யார் என்று பார்க்காமலே வாளைச் செருகுகிறான். செத்தது அரசவை ஆலோசகர் பொலோனியஸ். அவருடைய மகள் ஒஃபீலியாவுக்குச் சித்தம் கலங்கியதும், மகன் லேயர்டீஸ் பழிவாங்கக் கிளம்பியதும் அதனால்தான். வேகமாக முடிவெடுப்பவருக்கு மார்க் போடும் வகுப்பு இந்த இடத்தில் எத்தனை மார்க் போட்டது?

அடுத்த வகுப்பில் அந்த இரவுக் காட்சியையும் நடிக்கச் சொல்லுங்கள். வில்லியம்ஸ் வேடத்தை உங்கள் மேலதிகாரிகள் ஏற்கட்டும்.