“இந்த வயசுல எதுக்கு ஊசி?” என்கிறார்கள் பெரியவர்கள்

கேள்வி: எங்கள் ஊரில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன் ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடத்த நினைக்கிறோம். போன வருடம் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். ‘இந்த வயசுல எதுக்கு’, ‘போட்டா காய்ச்சல்தான் வரும்’, ‘ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன், ஊசி ஆகாது’ என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ‘ஊசி போட்டா ஒண்ணும் ஆகாது’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள். மறுநாள் கை வலித்தால் அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவும், அடுத்த வருடம் ஒருவரும் வர மாட்டார்கள். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. ஆனால் ஓரிரு நாள் கை வலிக்கும், சிலருக்கு உடம்புவலியும் லேசான காய்ச்சலும் இருக்கும். இதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மறுநாள் காலை வீட்டுக்கே போய் ‘கை எப்படி இருக்கு பாட்டி?’ என்று கேளுங்கள். ஒரு நோட்டீஸைவிட இந்த விசாரிப்புக்குப் பலன் அதிகம். சாதாரண சளியை இந்த ஊசி தடுக்காது என்பதையும் மறைக்க வேண்டாம். ஃப்ளூ வந்தாலும் நிமோனியா வரை போய் ஆஸ்பத்திரியில் படுக்கும் வாய்ப்பை அது குறைக்கிறது.

‘இந்த வயசுல எதுக்கு’ என்பவருக்கு அவருடைய இதயத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு கூடுகிறது என்று 2018-ல் வெளியான கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு காட்டியது. சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா உள்ளவர்களுக்குத்தான் இந்த ஊசி முக்கியமாக வேண்டும்.

ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் போடலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது. மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். முட்டை அலர்ஜியும் தடையில்லை. முன்பு இதே ஊசிக்குக் கடுமையான அலர்ஜி ஏற்பட்டவர்களுக்குப் போடக் கூடாது. அன்று நல்ல காய்ச்சலோடு இருப்பவர்களுக்கு, குணமானதும் வேறு நாளில் போடலாம்.

யாரை அனுப்புவது என்பதும் முக்கியம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பெண் தன்னார்வலரை முதலில் பாருங்கள். யார் படுக்கையில் இருக்கிறார், யார் வெளியூர் மகன் சொன்னால்தான் கேட்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மகனுக்கு முதல் நாளே போன் போட்டுவிடுங்கள். ‘முடிஞ்சா வாங்க’ என்பதற்குப் பதில் ‘வியாழக்கிழமை ஒன்பதரைக்கு உங்க முறை, ஆட்டோ வரும்’ என்று நேரம் குறித்துக் கொடுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் முதியோருக்கான ஃப்ளூ ஊசி இல்லை. மருந்து எங்கே கிடைக்கும், செலவு யாருடையது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பேசுங்கள். உடலில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும், எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடிப்பது நல்லது.

பல முகாம்களில் கோட்டை விடுவது குளிர்ச்சியில்தான். மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராக வாக்சின் கேரியரில் (மருந்து கொண்டுவரும் குளிர்பெட்டியில்) வைக்காதீர்கள். வெளியே வைத்திருந்து, காதருகே குலுக்கும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்ட பிறகு வையுங்கள்.

முகாமில் மருத்துவரும், கடுமையான அலர்ஜி வந்தால் உடனே போடும் அட்ரினலின் மருந்தும் இருக்க வேண்டும். ஊசி போட்டவரை அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வையுங்கள். அந்த நேரத்திலேயே நிமோனியா ஊசி போட்டிருக்கிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம், அதை ஃப்ளூ ஊசி போடும் அன்றே மற்றக் கையில் போட முடியும்.