கடல் சூடாவது, சட்டவிரோத மீன்பிடிப்பு: மீனவர்களுக்குப் பெரிய கேடு எது?

பருவநிலை மாற்றம், சட்டவிரோத மீன்பிடிப்பு ஆகிய இரண்டில் எது மீனவர்களை அதிகம் வாட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், நீரோடியை ஒட்டிய கடற்கரை ஊரில் பிறந்தவள். எங்கள் மணலில் மேற்கே சற்று நடந்தால் கேரளத்தின் பொழியூர் வந்துவிடும். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். அம்மா சாளையும் நெத்தோலியும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றவர். நான் பார்த்த வரையில் இந்த இரண்டையும் பிரித்து எடைபோட முடியாது. சூடாகும் கடல் மீனைக் குறைக்கிறது. குறைந்த மீன் மறுபடி பெருகுவதற்குள் தடைசெய்யப்பட்ட வலை அதை அள்ளிக்கொண்டு போகிறது.

மற்ற ஊர்களில் மத்தி என்று சொல்லும் மீனைத்தான் நாங்கள் சாளை என்கிறோம். 2012-இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை இறங்கியது. 2021-இல் இறங்கியது வெறும் 3,297 டன் என்று கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கும்போது, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே எழும். அதில் செழிக்கும் நுண்பாசியைத் தின்றுதான் சாளை கொழுத்துச் சினை பிடிக்கிறது. மேல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் அது அடிநீரோடு எளிதில் கலப்பதில்லை, சாளைக்கு இரையும் குறைகிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. கேட்பதற்குச் சிறிய எண்ணாக இருக்கலாம், ஆனால் குறிப்பிட்ட வெப்பத்தில் மட்டுமே கூட்டமாக நிற்கும் மீனுக்கு அது இடம்பெயரப் போதுமான மாற்றம்.

அம்மா சாளையை வாங்கும் முன் அதன் வயிற்றைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். நெய்ச்சாளையாக இருந்தால் விரல் பதிந்த இடம் மினுங்கும். பொரிக்கும்போது நாம் ஊற்றிய எண்ணெயைவிட மீன் விட்ட நெய்தான் சட்டியில் கூடுதலாக நிற்கும். மீன் அற்றுப்போன அந்த ஆண்டுகளில் அரிதாகக் கிடைத்த சாளையையும் அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "முள்ளும் தோலுமாத்தான் இருக்கு மக்கா, இதை என்ன விலை சொல்லி விக்க?" என்று கூடையிலேயே திரும்பப் போட்டதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அவருடைய விரலுக்கு அந்தச் செய்தி தெரிந்திருந்தது.

சாளை விரைவாக வளர்ந்து விரைவாகச் சினை பிடிக்கும் மீன். ஒரு மோசமான பருவத்துக்குப் பின் குஞ்சுகளை விட்டுவைத்தால் அது மீண்டுவிடும். இங்கேதான் சட்டவிரோத மீன்பிடிப்பு குறுக்கே வருகிறது. இரண்டு விசைப்படகுகள் ஒரே மடியை, அதாவது பெரிய இழுவலையை, இருபுறமும் பிடித்து இழுக்கும் இரட்டைமடியில் கடலடியில் இருப்பது எதுவும் மிஞ்சாது. இரவில் ஜெனரேட்டர் வைத்து எல்இடி விளக்குகளை எரித்து, ஒளியைத் தேடி வரும் கணவாயையும் குஞ்சு மீன்களையும் மொத்தமாக வளைத்துக்கொள்வது இன்னொரு முறை. இவ்விரண்டையும் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நீளும் நாட்டின் பொருளாதாரக் கடற்பகுதி முழுவதும் மத்திய அரசு 2017 நவம்பரிலேயே தடைசெய்தது. அதற்குப் பிறகும் எங்கள் கரையிலிருந்து பார்த்தால் சில இரவுகளில் கடலுக்கு நடுவே ஊர் ஒன்று விழா கொண்டாடுவது போல வெளிச்சம் தெரிந்திருக்கிறது. புகார் சொன்ன எங்கள் ஊர்க்காரர்களிடம் ஓர் அலுவலகத்தில், ரோந்துக்குப் படகு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எல்லையோரத்தில் இருப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கூப்பிடு தூரத்திலிருக்கும் கேரளத்தில் ஜூன் 9 இரவு தொடங்கி 52 நாள். மீனுக்கு இந்த எல்லை தெரியாது. எங்கள் பக்கம் படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த முதல் ஒன்பது நாளில் பக்கத்துக் கடலில் மடி இழுபடுவதைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, சட்டத்தின் மேல் மதிப்பு எப்படி வரும்?

கரையோரம் மீன் குறையக் குறைய, எங்கள் ஊர்களின் இளைஞர்கள் சுறாவையும் சூரையையும் தேடி ஆழ்கடலுக்குப் போனார்கள். தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ளவர்கள் கொச்சியிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் புறப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் கடலிலேயே தங்குவார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் ஒரே நாளில் வலுத்தபோது, எச்சரிக்கை எட்டாத தொலைவில் அவர்கள் இருந்தார்கள். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் உடல்கூடத் திரும்பவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலிலுள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம் போன எங்கள் பகுதிப் படகுகள், பிரித்தானியக் கட்டுப்பாட்டிலுள்ள கடலுக்குள் நுழைந்ததாகப் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அந்தக் கடல் 2010 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. எனவே சட்டப்படி அது குற்றம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சொந்தக் கடலில் இரட்டைமடி இழுத்தவர்களால் மீனை இழந்தவன், வேறொருவருடைய கடலில் சட்டவிரோத மீனவன் என்று பெயர் வாங்குவது எனக்குத் தாங்கவில்லை.

கடலின் சூட்டை எங்கள் ஊரால் இறக்க முடியாது. வலையை அடக்குவது அரசுகளால் முடியும். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கடல் முழுவதும் ரோந்து போகப் படகு இல்லையென்றால், மீன் வந்து இறங்கும் துறைமுகத்தில் ஒருவர் அளவுகோலோடு நிற்கட்டும். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் நிற்பவரும் எங்கள் தேங்காய்ப்பட்டணத்தில் நிற்பவரும் அதே 10 சென்டிமீட்டரை வைத்து அளக்கட்டும்.