புதிய கன்சோல் வாங்கினால் காற்பந்தும் புதிதாகுமா?

கேள்வி: ஈசூனில் நான்கறை வீட்டில் வசிக்கிறோம். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பிளேஸ்டேஷன் 4 கன்சோலில் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 26 என்ற காற்பந்து விளையாட்டை விளையாடுகிறான். இப்போது பிளேஸ்டேஷன் 5 வேண்டும் என்கிறான். அதே விளையாட்டுதான் அதிலும் வருகிறது என்றால் எதற்காக மாற்ற வேண்டும்? அல்டிமேட் டீமில் சேர்த்த ஆட்டக்காரர்களும், ஏழு பருவங்களாக அவன் ஒரு சிறிய குழுவை நிர்வகித்துவரும் கேரியர் ஆட்டமும் கூடவே வருமா? எங்கள் டிவி பத்து ஆண்டுப் பழையது. சுவா சூ காங்கில் இருக்கும் என் தங்கை மகனிடமும் பிளேஸ்டேஷன் 4தான் இருக்கிறது. சனிக்கிழமை இரவில் இருவரும் இணையத்தில் மோதிக்கொள்வது வழக்கம்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். இந்தக் கேள்வியை அனுப்பும் பெற்றோர் பெரும்பாலும் படம் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்றுதான் கேட்பார்கள். காற்பந்து விளையாட்டில் கன்சோல் தலைமுறை மாறும்போது முதலில் அறுபடுவது சனிக்கிழமை இரவு ஆட்டம்தான். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2022இல் வந்த ஃபிஃபா 23இல் (எஃப்சி விளையாட்டின் முந்தைய பெயர் ஃபிஃபா), ஒரு நிறுவனத்தின் கன்சோல் வைத்திருப்பவர் இன்னொரு நிறுவனத்தின் கன்சோல் வைத்திருப்பவருடன் இணையத்தில் விளையாட வழி செய்தார்கள். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ், கணினி ஆகியவை ஒரு பக்கம். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இன்னொரு பக்கம். நிறுவனங்களுக்கு இடையே இருந்த சுவர் இடிந்தது; தலைமுறைகளுக்கு இடையே உள்ள சுவர் அப்படியே நிற்கிறது. உங்கள் மகன் பிளேஸ்டேஷன் 5 பதிப்பில் நுழைந்தால், முன்பின் தெரியாத ஒருவர் எக்ஸ்பாக்ஸிலிருந்து அவனுடன் மோதலாம். சுவா சூ காங்கில் இருக்கும் சித்தி மகன் மோத முடியாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, கடைகளில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிளேஸ்டேஷன் 5, பிளேஸ்டேஷன் 4 பதிப்பையும் இயக்கும். ஒரே கன்சோலில் இரண்டு பதிப்புகளையும் நிறுவிக்கொள்ளலாம். வார நாள்களில் புதிய பதிப்பு, சனிக்கிழமை இரவு பழைய பதிப்பு. பழைய பதிப்பைத் திறக்கும்போது உங்கள் மகன் இணையத்தில் பிளேஸ்டேஷன் 4 கூட்டத்தோடு சேர்ந்துவிடுவான், தம்பியோடு விளையாடலாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய கன்ட்ரோலரும் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளுக்கு அங்கே வேலை செய்யும். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளுக்கு மட்டும் அது செல்லாது. கன்சோலின் முகப்பில் விளையாட்டின் படத்தருகே உள்ள மூன்று புள்ளிகளைத் திறந்தால் எந்தப் பதிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம்.

இனி, அதே விளையாட்டுதானே என்ற கேள்வி. பெயர் ஒன்று, உறைமேல் உள்ள படம் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்றல்ல.

பிளேஸ்டேஷன் 5 சிங்கப்பூருக்கு வந்தது 2020 நவம்பர் 19ஆம் தேதி. அடுத்த மாதம் ஃபிஃபா 21 அதற்கென வெளியானது. தலைமுடி இழை இழையாக அசைந்தது, முகத்தில் வியர்வை மின்னியது, ஆட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் தொடங்கியது. பந்து மட்டும் பழைய பந்தாகவே உருண்டது. உண்மையான மாற்றம் 2021இல், ஃபிஃபா 22இல் வந்தது. உணர்கருவிகள் பொருத்திய உடை அணிந்த 22 ஆட்டக்காரர்களை முழுத் திடலில் முழு வேகத்தில் மோதவிட்டு அவர்களின் அசைவுகளைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவிலிருந்து 87 லட்சத்துக்கும் மேற்பட்ட படச்சட்டங்களைக் கணினிக்குக் கற்பித்தார்கள். 2023இல் வந்த எஃப்சி 24இல் இன்னொரு படி மேலே போய், 180க்கும் மேற்பட்ட உண்மையான தொழில்முறை ஆட்டங்களின் பதிவுகளிலிருந்தே அசைவுகளை எடுத்தார்கள். ஹைப்பர்மோஷன் என்று பெயரிட்ட இந்த வேலை பிளேஸ்டேஷன் 4க்குத் தரப்படவில்லை.

இது விளம்பரப் பேச்சு அல்ல, விளையாடும்போது தெரிகிறது. இரண்டு கன்சோல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே குழுவோடு ஒரு வார இறுதி முழுவதும் விளையாடிப் பார்த்தேன். பழையதில் ஓர் ஆட்டக்காரர் ஒரு துண்டு அசைவை முடித்து அடுத்த துண்டுக்குத் தாவுகிறார். ஓடுபவர் திரும்பும்போது கால் புல்லில் வழுக்குவது போல ஒரு நொடி தெரியும். புதியதில் அடி எண்ணி வைக்கிறார். பந்து வரும் தூரத்துக்கு ஏற்ப ஓர் அடியைக் குறுக்கி, அடுத்ததை நீட்டி, தோளைச் சாய்த்து வாங்குகிறார். அதைவிட முக்கியம் தற்காப்பு. நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்களும் ஒரே கயிற்றில் கட்டியது போல முன்னேறிப் பின்வாங்குகிறார்கள். பழையதில் பந்தை நடுவில் குத்திவிட்டால் கிடைத்த இடைவெளி, புதியதில் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. பழைய பதிப்பில் கெட்டிக்காரனான பிள்ளை புதியதில் முதல் பத்து ஆட்டங்களில் தோற்கக்கூடும். அவன் கை மறக்க வேண்டியதை மறக்க ஒரு வாரம் ஆகும். கன்சோலில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஏன் பழையதால் இதைச் செய்ய முடியவில்லை? சாகச விளையாட்டுகள் பலவற்றில் தலைமுறை மாறியபோது நொடிக்கு 30 படங்கள் 60 ஆயின. யாருக்கும் உடனே கண்ணில் பட்டது. காற்பந்தில் பிளேஸ்டேஷன் 4இலேயே நொடிக்கு 60 படங்கள் இருந்தன. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அதற்குள் 22 பேரும் எங்கே ஓடுவது, எந்தக் காலை எடுத்து வைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். இது படம் வரையும் சில்லின் வேலையன்று, கணக்குப் போடும் மூளையின் வேலை. பிளேஸ்டேஷன் 4இன் மூளையில் உள்ள எட்டுக் கணக்கு மையங்கள் 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகின்றன. பிளேஸ்டேஷன் 5இன் எட்டும் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகின்றன, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை செய்கின்றன. அந்த இடைவெளிதான் திடலில் தற்காப்பு வரிசையாகத் தெரிகிறது.

பிளேஸ்டேஷன் 5இன் கன்ட்ரோலரையும் சொல்ல வேண்டும். வேகமாக ஓட அழுத்தும் பின்விசை, ஆட்டக்காரர் களைத்துப்போனதும் விரலுக்குக் கனமாகிவிடும். எழுபதாவது நிமிடத்தில் யாரை மாற்ற வேண்டும் என்று திரையைப் பார்க்காமலேயே விரல் சொல்லிவிடும். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. போட்டி மனப்பான்மையோடு விளையாடும் இளையர்கள் பலர் இதை அணைத்துவிடுகிறார்கள்.

டிவிக்காகக் கவலைப்படாதீர்கள். பத்து ஆண்டுப் பழைய 1080பி டிவியில் பிளேஸ்டேஷன் 5 நன்றாகவே ஓடும். 4கே தெளிவு கிடைக்காது, அவ்வளவுதான். நான் மேலே சொன்ன அசைவு எல்லாம் கிடைக்கும். டிவியின் அமைப்புகளில் கேம் மோடு இருந்தால் அதை மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள். கை அழுத்துவதற்கும் திரையில் பந்து நகர்வதற்கும் இடையிலான தாமதம் குறையும். கன்சோலோடு புது டிவியும் சேர்த்து விற்கப் பார்ப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். டிவிக்குக் கீழே மூடிய அலமாரிக்குள் கன்சோலை வைக்க வேண்டாம். நம் ஊர் வெக்கையில் அது மூச்சு முட்டும்.

எது கூட வரும், எது வராது? அல்டிமேட் டீம் அவனுடைய கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டுப் பதிப்பை, அதே கணக்கில், பிளேஸ்டேஷன் 5இல் திறந்தால் குழு அப்படியே இருக்கும். எக்ஸ்பாக்ஸுக்கு மாறினால் இராது. கேரியர் ஆட்டம் வேறு கதை. அதன் சேமிப்பு பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்குத் தாண்டாது. ஏழு பருவம் வளர்த்த குழுவை ஒரு பிள்ளை இழப்பது சிறு விஷயமில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் இழக்க வேண்டியதில்லை. பழைய கன்சோலிலிருந்து சேமிப்பை புதியதுக்கு மாற்றி, முன்பு சொன்ன பிளேஸ்டேஷன் 4 பதிப்பிலேயே அந்தக் குழுவைத் தொடரலாம். புதிய பதிப்பில் புதுக் குழு, பழையதில் பழைய குழு.

அல்டிமேட் டீமில் பணம் போட்டு, ஆட்டக்காரர்கள் அடங்கிய அட்டைப் பொதிகள் வாங்குகிறானா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அடுத்த பதிப்பு வந்ததும் எல்லாரும் வெறுங்கையோடு மறுபடி தொடங்குகிறார்கள். ஓராண்டு வாழும் அட்டைக்குச் சேமிப்பைக் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிளேஸ்டேஷன் 5இல் பிள்ளைக்கெனத் தனிக் கணக்கு தொடங்கினால் மாதச் செலவுக்கு வரம்பு வைக்கலாம். ஏற்கெனவே இருக்கும் கணக்கை மாற்றினால் குழு போய்விடும் என்பதால், அவனுடைய தற்போதைய கணக்கையே உங்கள் குடும்பக் கணக்கின் கீழ் சேர்க்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

வாங்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது டிஸ்க். அவனுடைய விளையாட்டுகள் டிஸ்க்காக இருந்தால், டிஸ்க் செருகும் வசதி உள்ள கன்சோலை வாங்குங்கள். டிஜிட்டல் வகையில் அந்த வசதி இல்லை. விலையுயர்ந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவிலும் அது தனியாகத்தான் வாங்க வேண்டும். மேலும், பிளேஸ்டேஷன் 4 பதிப்பு வைத்திருப்பவருக்குப் புதிய பதிப்பு இலவசமா என்பது ஆண்டுக்கு ஆண்டு, வகைக்கு வகை மாறும். இணையக் கடையில் அந்த விளையாட்டின் பக்கத்தைத் திறந்து, அவனுடைய கணக்கில் விலை என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, கணக்கின் நாடு. நம் இளையர்கள் பலர் அமெரிக்கக் கணக்கு வைத்திருக்கிறார்கள். டிஸ்க் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் ஓடும். ஆனால் பிளேஸ்டேஷன் இணையக் கடையில் செலவிடுவதற்கான சிங்கப்பூர்ப் பணச்சீட்டு (கிஃப்ட் கார்டு) சிங்கப்பூர்க் கணக்குக்கு மட்டுமே செல்லும். கணக்கின் நாட்டைப் பின்னால் மாற்றவும் முடியாது.

மூன்றாவது, பிறர் பயன்படுத்திய கன்சோல் வாங்குவது. சிம் லிம் சதுக்கம் போன்ற இடங்களில் கடைக்காரரிடம் வாங்கினால், 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்டம் உங்களுக்குத் துணை. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்று கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பயன்படுத்திய பொருளுக்கும் இது பொருந்தும். தனியாரிடம் இணையத்தில் பேசி, எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றி வாங்கினால் பொருந்தாது. சில பத்து வெள்ளி மிச்சம் என்றாலும் நான் கடையையே தேர்ந்தெடுப்பேன்.

வாங்கலாமா, பொறுக்கலாமா? இந்த விளையாட்டின் வரலாறு ஒன்றைச் சொல்கிறது. பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013இல். பிளேஸ்டேஷன் 3க்கான கடைசிப் பதிப்பு 2018இல் வந்த ஃபிஃபா 19. ஐந்து ஆண்டு இடைவெளி. பிளேஸ்டேஷன் 5 வந்து ஐந்து ஆண்டு கழித்து, 2025இல் வந்ததுதான் உங்கள் மகன் இப்போது விளையாடும் எஃப்சி 26. இதுவரை பொறுத்ததில் உங்களுக்கு நஷ்டமில்லை. புதிய தலைமுறையின் தொடக்கப் பதிப்புகள் பல நேரம் அரைகுறையாகத்தான் வந்திருக்கின்றன. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360உடன் வந்த ஃபிஃபாவில் தேசியக் குழுக்கள் மட்டும்தான் இருந்தன, கிளப் குழுக்கள் இல்லை. 2021இல் போட்டி நிறுவனமான கோனாமி வெளியிட்ட ஈஃபுட்பால் முடிக்கப்படாத நிலையில் வந்து, நிறுவனமே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்தக் காலமெல்லாம் கடந்துவிட்டது. எனவே வாங்கலாம் என்பதே என் கருத்து. படத்துக்காக அல்ல, ஆட்டத்துக்காக.

வாங்கும் நேரத்தை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். புதுப் பதிப்பு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசியில், சரியாக ஆண்டிறுதித் தேர்வுக்கு முன்னால் வந்து நிற்கும். நவம்பர் விடுமுறை வரை தள்ளிப்போட்டால் தேர்வும் முடிந்திருக்கும், தள்ளுபடியும் தொடங்கியிருக்கும், முதல் மாதப் பிழைகளும் திருத்தப்பட்டிருக்கும். அதுவரை பழைய கன்சோலை யாருக்கும் விற்க வேண்டாம். கேரியர் சேமிப்பு புதியதில் திறக்கிறதா என்று உங்கள் மகன் தன் கண்ணால் பார்த்து, எட்டாவது பருவத்தின் முதல் ஆட்டத்தை ஆடி முடித்த பிறகு விற்கலாம்.