என் லேப்டாப்பில் உபுண்டு 24.04-ல் விர்ச்சுவல்பாக்ஸ் ‘கெர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை (-1908)’ என்று ஒரு பிழைப் பெட்டியைக் காட்டுகிறது. திரும்ப 22.04-க்கே போய்விடலாமா?

போக வேண்டாம். கேள்வியைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். 2024 ஜூனில் இதே பெட்டி, அடைப்புக்குறிக்குள் இதே மைனஸ் 1908, ஒன்றல்ல இரண்டல்ல, 35 திரைகளில் வரிசையாக நின்றதைப் பார்த்தவன் நான்.

லேப்டாப் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். விண்டோஸ் 11-ஐ வைத்துக்கொண்டே பக்கத்தில் உபுண்டு போட்டிருக்கிறீர்கள், ஏதோ பிராக்டிகலுக்காக விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட வேண்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லாவிட்டாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி உங்களுக்குப் பொருந்தும்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் இன்ஸ்ட்ரக்டர். 36 மெஷின் உள்ள லேப் என் பொறுப்பு. 24.04 வெளிவந்தது 2024 ஏப்ரல் 25. எல்டிஎஸ் பதிப்பு, ஐந்து வருடம் பராமரிப்பு உண்டு, ஆகவே கோடை விடுமுறையிலேயே லேப் முழுவதையும் மாற்றிவிடலாம் என்று நானாகத்தான் போய்ச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. வழக்கம்போல ஒரு மெஷினில் எல்லாவற்றையும் போட்டுச் சரிபார்த்துவிட்டு, அதன் டிஸ்கை க்ளோன்ஜில்லா வைத்து மற்ற 35-க்கும் நகலெடுப்பது என்று திட்டம்.

முதல் மெஷினில் ஒரு சிக்கலும் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவும்போது நடுவில் செக்யூர் பூட்டுக்காக (நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) ஒரு பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத்திரை ஒன்று வந்தது, அதே பாஸ்வேர்டைக் கொடுத்துத் தாண்டினேன். இரண்டு மெய்நிகர் கணினிகளை ஏற்றி ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் கொடுத்தேன், போனது. அந்த நீலத்திரை எதற்கு வந்தது என்று அப்போது யோசிக்கவே இல்லை. நகலெடுத்த 35-லும் உபுண்டு அழகாக ஏறியது, இணையம் வந்தது, கம்பைலர் எல்லாம் வேலை செய்தது. விர்ச்சுவல்பாக்ஸ் மட்டும் ஒன்றில்கூட ஓடவில்லை.

ஒரே டிஸ்கின் நகல்! மூல மெஷினில் ஓடுகிறது, அதன் நகலில் ஓடாது என்றால் என்ன நினைப்பீர்கள்? பயாஸில்தான் ஏதோ வித்தியாசம் என்று நினைத்தேன். சனிக்கிழமை முழுக்க ஒவ்வொரு மெஷினாக பயாஸுக்குள் போய், மெய்நிகர் கணினிக்கான பிராசஸர் வசதியான விடி-எக்ஸ் இயங்குகிறதா என்று பார்த்தேன். எல்லாவற்றிலும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன். இணையத்தில் கிடைத்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். முழுதாக நீக்கி மறுபடி நிறுவினேன், உபுண்டுவின் மையமான கெர்னலுக்கு மாட்யூல் கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகளைத் திரும்பப் போட்டேன், அதுவும் போதாதென்று உபுண்டு தரும் தொகுப்பின் மேலேயே ஆரக்கிள் தளத்தில் இருக்கும் தொகுப்பையும் ஏற்றினேன். இந்தக் கடைசி வேலையை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். இரண்டும் கெர்னலில் சேரும் துண்டு நிரல்களான ஒரே மாட்யூல்களைத் தங்களுடையதாக நினைத்துக்கொள்ளும், பிறகு எது எதை உடைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நான் அந்த மெஷினைத் துடைத்துவிட்டு மீண்டும் நகலெடுத்தேன்.

திங்கட்கிழமை காலை, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்த ஒரு மாணவி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் டெர்மினலில் மாட்யூலை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளையைப் பத்தாவது முறையாகக் கொடுத்தேன். வந்த ஒற்றை வரியை அவர் சத்தமாகப் படித்தார்: ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’. “சார், டிரைவர் இல்லைன்னு இது சொல்லலையே. சாவியை ஏத்துக்க மாட்டேங்குதுன்னுதானே சொல்லுது?” என்றார்.

இரண்டு நாளாக அந்த வரி என் கண்ணெதிரே வந்து போய்க்கொண்டிருந்தது. ‘எரர்’ என்ற சொல்லோடு நான் படிப்பதை நிறுத்தியிருந்தேன்.

விஷயம் இதுதான். விர்ச்சுவல்பாக்ஸ் சாதாரணச் செயலி மாதிரி தனியாக ஓடிவிடாது. வீபாக்ஸ்டிரைவ், அதோடு நெட்வொர்க்குக்கு இரண்டு என்று மாட்யூல்கள் கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார வேண்டும். அவை லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்து வருபவை அல்ல, வெளியிலிருந்து வருபவை. கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்கேற்ப மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அந்த வேலையை டிகேஎம்எஸ் பார்த்துக்கொள்கிறது. செக்யூர் பூட் இயங்கும் மெஷினில், கையொப்பம் இல்லாத மாட்யூலை உபுண்டுவின் கெர்னல் உள்ளே விடாது. அதனால் உங்கள் மெஷினிலேயே ஒரு சாவி உருவாக்கி, அதை வைத்துக் கையொப்பம் இடப்படுகிறது. அந்தச் சாவியை ‘இது என்னுடையதுதான், நம்பு’ என்று மெஷினுக்குச் சொல்வதற்குத்தான் அந்த நீலத்திரை. நாம் அங்கே சொன்ன சம்மதம் டிஸ்கில் பதிவதில்லை, மதர்போர்டில் உள்ள நினைவகத்தில் பதிகிறது. டிஸ்கை நகலெடுத்தேன், மாட்யூல் போனது, கையொப்பம் போனது, சாவிகூடப் போனது. சம்மதம் மட்டும் முதல் மெஷினின் போர்டிலேயே தங்கிவிட்டது.

அன்று மாலை ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்தேன். இந்தச் சாவிகளைக் கையாளும் மோக்யூட்டில் கட்டளையில் இம்போர்ட் கொடுத்து, வார் லிப் கோப்புறைக்குள் ஷிம்-சைன்ட் என்பதற்குக் கீழே இருக்கும் மோக் சாவிக் கோப்பைக் காட்ட வேண்டும். ஒரு தற்காலிக பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட். நீலத்திரை வரும், ‘ஏதாவது விசையை அழுத்து’ என்று பத்து விநாடிதான் காத்திருக்கும், விட்டுவிட்டால் பேசாமல் உபுண்டுவுக்குள் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. அழுத்தினால் ‘என்ரோல் மோக்’, ‘கன்டின்யூ’, ‘யெஸ்’, பாஸ்வேர்டு, ‘ரீபூட்’. பாஸ்வேர்டில் சிறப்புக் குறிகள் வேண்டாம், அந்தத் திரை உங்கள் விசைப்பலகை அமைப்பை மதிக்காது, சின்ன எழுத்தும் எண்ணும் போதும். உங்கள் லேப்டாப்பில் நடந்தது பெரும்பாலும் இந்தப் பத்து விநாடிதான் என்று நினைக்கிறேன். நிறுவும்போது பாஸ்வேர்டு கொடுத்திருப்பீர்கள், ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் எழுந்து போயிருப்பீர்கள்.

‘செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் போச்சு’ என்று சிலர் வருவார்கள் என்று தெரியும். அணைத்தால் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸ் 11 பக்கத்திலேயே இருக்கிறது, அதில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறது என்றால், செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் உள்ளே போக 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் அணைக்காதீர்கள். இதைக் கேட்டுச் செய்துவிட்டு புராஜெக்ட் முழுக்க உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பையன் என் லேபில் கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, 22.04-க்குத் திரும்புவது பற்றி. அங்கே போனால் நிம்மதி என்று நினைக்கிறீர்கள். 2024 தொடக்கத்தில் 22.04 டெஸ்க்டாப்புகளுக்கு அப்டேட்டாக 6.5 கெர்னல் வந்தது. அது ஜிசிசி 12 என்ற கம்பைலரால் உருவானது, ஆனால் 22.04-ல் இயல்பாக இருப்பது ஜிசிசி 11. அதனால் மாட்யூல் கம்பைல் ஆகாமல் நின்றது. ஜிசிசி 12-ஐ நிறுவி, மறுபடி உருவாக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது. திரையில் வந்ததோ இதே ‘கெர்னல் டிரைவர்’ பெட்டிதான். பெட்டி ஒன்று, உள்ளே இருக்கும் காரணம் வேறு. அதனால்தான் பெட்டியை நம்பாதீர்கள், டெர்மினலில் மோட்ப்ரோப் கொடுத்து அது என்ன வரி சொல்கிறது என்று பாருங்கள் என்கிறேன். சாவி பற்றிச் சொன்னால் மேலே சொன்ன வழி. மாட்யூலே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அது உருவாகவே இல்லை. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸைப் பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கான ஹெடர் இருக்கிறதா என்று பாருங்கள், ஆரக்கிள் தொகுப்பு என்றால் வார் லாக் கோப்புறையில் வீபாக்ஸ்-செட்டப் என்ற பதிவுக் கோப்பின் கடைசி இருபது வரியைப் படியுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்கு வரலாம், இப்போதே சொல்லி வைக்கிறேன். 2025 ஆகஸ்டில் 24.04.3 வந்தது, அதோடு 6.14 கெர்னல். எங்கள் லேபில் அப்டேட் தானாக ஏறிவிட்டது. அதற்குள் உபுண்டு தொகுப்பை முழுதாக நீக்கிவிட்டு ஆரக்கிளின் 7.1 வரிசைக்கு மாறியிருந்தேன். இந்த முறை மாட்யூல் ஒழுங்காக ஏறியது, விர்ச்சுவல்பாக்ஸ் திறந்தது, மெய்நிகர் கணினியை ஓட்டினால் மட்டும் ‘விடி-எக்ஸ்-ஐ வேறொரு ஹைப்பர்வைசர் பயன்படுத்துகிறது’ என்று நின்றுவிட்டது. மறுநாள் மாதிரித் தேர்வு. ஆனால் இந்த முறை வரியை முழுதாகப் படித்தேன், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. காரணம் கேவிஎம். லினக்ஸ் கெர்னலோடேயே வரும் மெய்நிகராக்கம் அது. முன்பெல்லாம் யாராவது அதில் ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டும்போதுதான் பிராசஸரின் அந்த வசதியைக் கையில் எடுக்கும். 6.12 கெர்னலிலிருந்து, மாட்யூல் ஏறியதுமே எடுத்து வைத்துக்கொள்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் வரும்போது இடம் இல்லை.

அப்போதைக்கு ஓட வேண்டுமென்றால் மோட்ப்ரோப் கட்டளையோடு கழித்தல் ஆர் சேர்த்து கேவிஎம் இன்டெல் மாட்யூலை இறக்கிவிடுங்கள், ஏஎம்டி பிராசஸர் என்றால் கேவிஎம் ஏஎம்டி. நிரந்தரமாக வேண்டுமென்றால் உபுண்டுவைத் துவக்கும் கிரப் நிரலின் அமைப்பில் கெர்னலுக்கு ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும், போனில் சொல்வது போலச் சொல்கிறேன்: கேவிஎம், புள்ளி, எனேபிள், விர்ட், அட், லோட், கடைசி நான்கு சொற்களுக்கும் நடுவில் அண்டர்ஸ்கோர், பிறகு சமக்குறி, 0. அப்டேட்-கிரப் கொடுத்து ரீஸ்டார்ட். ஆண்ட்ராய்டு எமுலேட்டர் பயன்படுத்துகிறவர் என்றால் அதுவும் கேவிஎம்மைத்தான் நம்பியிருக்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, கேவிஎம்மையே பயன்படுத்தினால் என்ன என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நல்ல மென்பொருள்தான், என் வீட்டு மெஷினில் அதுதான் இருக்கிறது. ஆனால் என் மாணவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் விண்டோஸ். லேபில் செய்ததை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து பென் டிரைவில் எடுத்துப்போய் வீட்டில் திறக்க வேண்டும், அதற்கு விர்ச்சுவல்பாக்ஸ்தான் வசதி.

இதையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. அந்த 2024 ஜூனில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து வேலை பார்த்ததற்கு மாற்று விடுப்பு கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லையே என்றார்கள். பதிவேடு அலுவலக அறைக்குள் இருக்கிறது, அலுவலகம் ஞாயிறு பூட்டியிருக்கும், நான் எங்கே போய்க் கையெழுத்துப் போடுவது? வாட்ச்மேனின் நோட்டில் என் வண்டி எண், வந்த நேரம், போன நேரம் எல்லாம் இருக்கிறது, அதைக் காட்டினேன். அது செல்லாது என்றார்கள். லேப் நின்றால் முதல் போன் எனக்கு வருகிறது. ஓடினால் அது கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் பெருமையாகிவிடுகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்களில் இரண்டு பேர் எனக்காகப் போய்ப் பேசினார்கள். லேப் இன்ஸ்ட்ரக்டர் செய்வதும் வேலைதான் என்று அந்தப் பதிவேட்டில் ஒரு கோடு இருந்திருக்கலாம், அவ்வளவுதான் எனக்கு.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: மோக்யூட்டில் கட்டளையில் எஸ்பி-ஸ்டேட் கேட்டு, செக்யூர் பூட் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் சாவியை இம்போர்ட் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது விசைப்பலகையில் கை வைத்துக்கொண்டு உட்காருங்கள். அப்படியும் ஏறவில்லையென்றால் மோட்ப்ரோப் சொல்லும் வரியை ஓர் எழுத்துகூட விடாமல் கீழே போடுங்கள், கெர்னல் எண்ணையும் சேர்த்து. லேப் முடிந்து வீட்டுக்கு வர ஏழு மணி ஆகும், வந்ததும் பார்க்கிறேன்.