பார்சல் டாக்டரும் நடுக்கடல் கேப்டனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: இணையத்தில் அறிமுகமாகி, அன்பாகப் பேசி, பிறகு பணம் கேட்பவர்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருமணத் தகவல் தளத்தில் அறிமுகமான லண்டன் டாக்டர் எனக்கு நகையும் பவுண்டு நோட்டுகளும் பார்சலில் அனுப்பியிருக்கிறார். டெல்லி சுங்கத் துறையிலிருந்து ஒரு பெண் பேசி, 38,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். கட்டலாமா? (தண்டையார்பேட்டை)

கட்டாதீர்கள் அம்மா. பார்சலும் இல்லை, டாக்டரும் இல்லை. சுங்க வரி அரசுக் கணக்குக்குப் போவது. தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்குப் போகாது. அவர் தந்த கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே வெளுத்துவிடும். 2019 நவம்பர் முதல் சுங்கத் துறைக் கடிதங்களில் ‘டின்’ என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அதுவும் புரியவில்லையென்றால், ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் உங்களுக்கு பஸ்ஸில் போகிற தூரம்தான். 38,000 கட்டினால் அதோடு விடமாட்டார்கள். “பார்சலில் வெளிநாட்டுப் பணம் இருக்கிறது, வழக்கு வரும்” என்று அடுத்த போன் வரும். இந்த முறை கேட்பது லட்சக்கணக்கில் இருக்கும்.

என் அத்தை ஒரு கப்பல் கேப்டனுடன் மாதக்கணக்கில் பேசுகிறார். நடுக்கடலில் இருப்பதால் வங்கிக் கணக்கைத் திறக்க முடியவில்லை என்று அவர் பணம் கேட்கிறாராம். அத்தைக்கு எப்படிப் புரிய வைப்பது? (ராயபுரம்)

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதற்கு ஏமாறலாமா என்று அத்தையிடம் கேட்டுவிடாதீர்கள். திட்டினால் அவர் அந்தக் கேப்டன் பக்கம்தான் இன்னும் சாய்வார். ‘உங்கள் கப்பலைப் பார்க்கலாமா?’ என்று கேப்டனிடம் ஆசையாகக் கேட்கச் சொல்லுங்கள். பெரிய சரக்குக் கப்பல்களுக்கு ஐஎம்ஓ எண் என்ற ஏழு இலக்க அடையாள எண் உண்டு. பெயர் மாறினாலும், கொடி மாறினாலும் அது மாறாது. அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் போட்டால் கப்பல் கடைசியாக எங்கே இருந்தது என்று காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. எண்ணைத் தராமல் மழுப்பினாலோ, தந்த எண்ணில் வேறொரு கப்பல் வந்தாலோ, அதை அத்தையே தன் கண்ணால் பார்க்கட்டும். கப்பலில் வேலை செய்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களில் ஒருவரை அத்தையோடு பேச வையுங்கள். கையில் பணம் வேண்டுமென்றால் கேப்டன் தன் கம்பெனியிடம் கேட்பார், முகம் பார்க்காத பெண்ணிடம் கேட்கமாட்டார்.

வீடியோ காலில் முகத்தைப் பார்த்துவிட்டேன். போதாதா? (கொளத்தூர்)

போதாது. இப்போது முகத்தையும் குரலையும் மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. ஆட்கள் நடமாடும் இடத்தில் நேரில் சந்திக்கும்வரை ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

டேட்டிங் செயலியில் அறிமுகமான பெண் கிரிப்டோ முதலீடு சொல்லித் தந்தார். முதலில் 3,000 ரூபாய் எடுக்க முடிந்தது. இப்போது கணக்கில் 6 லட்சம் காட்டுகிறது; எடுக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே வரி கட்ட வேண்டுமாம். (பெரம்பூர்)

அந்த 3,000 தூண்டிலில் கோத்த புழு. 6 லட்சம் என்பது திரையில் யாரோ தட்டிய எண், அவ்வளவுதான். கிரிப்டோ லாபத்துக்கு இங்கே 30 சதவீத வரி இருப்பது உண்மை. அதை வருமான வரித் துறைக்குத்தான் கட்டுவீர்கள். பணத்தை விடுவிக்கச் செயலிக்குக் கட்டும் வரி என்று ஒன்று கிடையாது. உங்களிடம் பேசியவர் பெண்தானா என்பதே சந்தேகம். வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் அடைபட்டு, இப்படிப் பேச வைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள்.

வீடியோ காலில் என்னை ஆடையின்றிப் பதிவு செய்துவிட்டு, பணம் தராவிட்டால் உறவினர்களுக்கு அனுப்புவேன் என்கிறார்கள். சாகலாம் போலிருக்கிறது. (எண்ணூர், வயது 23)

தம்பி, முதலில் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் அது. எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்களுக்கு நடந்திருப்பது பணம் பறிப்பு. குற்றவாளி அவர்கள், நீங்கள் இல்லை. பணம் தராதீர்கள், ஒருமுறை தந்தால் மறுபடியும் கேட்பார்கள். மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ல் புகார் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள். விஷயம் உங்கள் வாயாலேயே வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் அவர்கள் மிரட்டலில் பாதி பலம் போய்விடும்.

நேற்று 1.2 லட்சம் அனுப்பிவிட்டேன். மீட்டுத் தருகிறேன், 5,000 கட்டணம் என்று டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். (கொடுங்கையூர்)

அவரும் அதே கூட்டம்தான், 5,000 தராதீர்கள். இதைப் படித்தவுடன் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பிருக்கிறது. பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். வெட்கப்பட்டு உரையாடல்களை அழித்துவிடாதீர்கள், போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.